தாலி கட்டும் முன் ஒரு பதில்

போன மாதம் மன்னார்குடியிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். கைப்பேசியிலேயே படம் பிடித்து, கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டி, கைப்பேசியிலேயே வெளியிடும் சேனல் ஒன்றை நடத்துகிறார்கள். பாடகர், நடிகர், ஓவியர் என்று வாரம் ஒருவரைப் பேட்டி எடுக்கிறார்களாம். நானும் முப்பது வருடம் அதே வேலையைத்தான் பார்த்தேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருவரில் உயரமான பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, எதிர்ல உக்காந்திருக்கவங்க பேசவே மாட்டேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேச மறுத்தவர்களையும் எனக்குத் தெரியும், பேச ஆரம்பித்தபின் நிறுத்த மறுத்தவர்களையும் தெரியும். ஆனால் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை ஒருவர், என் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அது கழுத்தில் ஏறும் என்ற நிலைமையில் மாட்டிக்கொண்டது என் ஒருத்தியின் பேட்டியில்தான் நடந்திருக்கும். அந்தப் பெண்களுக்குப் பாதிதான் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. முழுதையும் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு இரண்டு மைல். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். நான் பி.ஏ. தமிழ் முடித்தபோது எங்கள் தெருவுக்கே முதல் பட்டதாரி. டைப்பிஸ்ட் தேவை என்று கடைத்தெருவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வேலை கேட்டுப் போனேன். போன இடத்தில் டைப்ரைட்டரே இல்லை. மாடி முழுக்கக் கறுப்புக் கம்பிச் சுருள்கள், நான்கு டி.வி., நடுவில் கைலி கட்டிய ஒரு மனிதர்.

அவர்தான் ஹபீப் பாய். வெளிநாடு போய் வந்தவர்களை எங்கள் பக்கத்து முஸ்லிம் தெருக்களில் சபுராளி என்பார்கள். பாய் சார்ஜாவில் ஒரு கல்யாண வீடியோக் கடையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்த சபுராளி. மற்றவர்கள் கம்பளியும் செண்டும் கொண்டுவந்தபோது இவர் தோளில் வைக்கும் பெரிய கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக்கொண்டிருந்த நேரம். பாய் கம்பியும் இழுத்தார், அந்தக் கம்பியில் ஓட ஒரு உள்ளூர் சேனலையும் தொடங்கினார். டைப்பிஸ்ட் என்று போட்டால்தான் படித்த பெண்கள் வருவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைச் செய்தித்தாளை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "குரல் இருக்கு. பயமும் இருக்கு. பயம் போயிடும், குரல் போவாது. நாளைக்கு வந்துடுமா" என்றார்.

முதல் ஒன்றரை வருடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒயர் சுற்றினேன், கேசட்டுக்கு லேபிள் எழுதினேன், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தேன். அம்மா நடவு வயலில் நிற்கும்போது பக்கத்து வரப்பில் போகிறவர்கள், "ஒம் மவ நேத்து டி.வி.யில பச்சைப் பொடவையில வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. அன்றைக்கு நான் பச்சைதான் கட்டியிருந்தேனா என்று அம்மா என்னிடம் விசாரித்து உறுதி செய்துகொள்வாள்.

பிறகுதான் 'ஞாயிறு சந்திப்பு' வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு கலைஞரோடு பேட்டி. ஊரில் பார்ப்பவர்கள் ஒரு பங்கு என்றால் கடல் தாண்டிப் பார்ப்பவர்கள் இரண்டு பங்கு. பேட்டியைப் பிரதி எடுத்த கேசட்டுகள் மாசிக் கருவாட்டோடும் ஊறுகாயோடும் சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறும். இது கலைஞர்களுக்கும் தெரியும். கச்சேரிப் பாடகி ஒருவர் குருவுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கி, பேட்டியின் நடுவில் சட்டென்று கேமராவைப் பார்த்து, "ஏங்க, ஒங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, போன்ல சொல்ல மறந்துட்டேன்" என்றார். பாய் அதை வெட்டவில்லை. அவர் அன்றைக்குச் சொன்ன ஒரே சேதி அதுதான் என்றார்.

என் முதல் பேட்டி ஒரு தவில் வித்வானோடு. பன்னிரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். நான்கு நிமிடத்தில் பன்னிரண்டும் தீர்ந்துவிட்டன. அவர் 'ஆமாம்மா', 'இல்லம்மா', 'எல்லாம் ஆண்டவன் செயல்' என்ற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாய் திட்டவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். மற்ற நாளில் "ஏம்மா ராணி, இங்க வா" என்பவர், அன்று மாடிக்குத் திரும்பியதும், "ராணி, நீங்க கொஞ்சம் உள்ள வர்றீங்களா" என்றார். கேசட்டைப் போட்டு, இதில் உங்கள் வார்த்தை எத்தனை, அவர் வார்த்தை எத்தனை என்று எண்ணச் சொன்னார். எண்ணினேன். பாதியில் வெட்கம் தாங்காமல் நிறுத்திவிட்டேன்.

"இது உங்க பேட்டிங்க. அவரு வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு" என்றார்.

அதன்பிறகு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறைகள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு வீட்டுக்குப் பேட்டிக்குப் போனால் முதல் வேலை சேவல் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதைக் கூடையில் கவிழ்ப்பது. இரண்டாவது, மின்விசிறியை நிறுத்துவது. ஒலிவாங்கிக்கு விசிறிச் சத்தம் ஆகாது. விசிறியை நிறுத்தியதும் கலைஞருக்கு வேர்க்கும் என்பதால், பிழிந்த ஈரத்துண்டு ஒன்றைப் பாயே கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கேமராவில் எரியும் சிவப்பு விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். அந்த விளக்கைப் பார்த்தால் நல்ல மனிதர்கூட மேடைப் பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுவார் என்பது அவர் கணிப்பு. தாளில் நான்கு கேள்விக்கு மேல் எழுதக்கூடாது. எதிரில் இருப்பவர் ஒரு பதிலை முடித்ததும் அடுத்ததற்குத் தாவக்கூடாது, மனதுக்குள் ஏழு வரை எண்ண வேண்டும். "அஞ்சு வரைக்கும் சும்மா இருப்பாங்க. ஆறுலதான் உள்ள இருக்கறது வரும்" என்பார். கடைசியாக ஒன்று. கேமராவை நிறுத்துங்கள் என்று ஒருவர் சொல்லிவிட்டால், நிறுத்திவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. கேசட்டை வெளியே எடுத்து அவர் மடியில் வைக்க வேண்டும்.

இந்த ஏழு எண்ணும் வித்தையை முதலில் தரங்கம்பாடியில் சோதித்தேன். படகுகளில் பெயர் எழுதும் சாமுவேல் என்ற ஓவியர். உட்கார மாட்டார். வர்ண டப்பாவோடு ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார். நான் மைக்கோடு பின்னால் ஓட, எனக்குப் பின்னால் பாய் கேமராவோடு மணலில் ஓடினார். எழுத்துக்கு எந்த வர்ணம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். சிவப்பு நல்லா இருக்கும், மஞ்சள் நல்லா இருக்கும் என்றார். நான் எண்ணினேன். ஆறில் தூரிகை நின்றது. "கரையில நிக்கிற பொம்பளைக்குத் தூரத்துலேயே தெரியணும்மா, எந்தப் போட்டு திரும்புதுன்னு. அதுக்குத்தான் எழுத்து. அழகெல்லாம் அப்புறம்" என்றார். எனக்கு மணலிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. அன்றைக்குத் திரும்பும்போது எங்கள் வேனின் இரண்டு பக்கத்திலும் 'ஹபீப்' என்று தலையளவு எழுத்து. நாங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் எழுதிவிட்டார். அந்த வேன் வருவது மூன்று கிலோமீட்டருக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

இனி வேதையன் கதைக்கு வருகிறேன்.

வேதையன் எங்கள் பக்கத்தில் பெரிய நாடக நடிகர். திருவிழா, பொங்கல், கட்சி மாநாடு எங்கே நாடகம் நடந்தாலும் நோட்டீஸில் 'கதை, வசனம், கதாநாயகன்: வேதையன்' என்று இருக்கும். இருபத்திரண்டு நாடகங்கள். எல்லாம் சிரிப்பு நாடகங்கள். அவருக்கு அறுபது முடிகிறது, சார்ஜாவில் வேலையாக இருக்கும் மகன் வந்து திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கிறான். அந்த மகன்தான் பாய்க்குக் கடிதம் எழுதியிருந்தான். கல்யாணத்தை வீடியோ எடுக்க வேண்டும், முந்தின நாள் வீட்டில் அப்பாவிடம் விரிவாக ஒரு பேட்டியும் எடுக்க வேண்டும், அங்கே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்று.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது வேதையனின் 'விசா வந்த வீராசாமி' பார்த்தவள் நான். வீராசாமி துபாய் போய்விடுகிறான். வீட்டில் மாமியாரும் மருமகளும். அவனிடமிருந்து கடிதம் வருகிறது. மருமகள் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறாள். என் பெண்டாட்டிக்குத் தினம் ஒரு முட்டை கொடு, அவளை நாற்றங்காலுக்கு அனுப்பாதே, மத்தியானம் தூங்க விடு என்று தனக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறாள். கடைசியில் பார்த்தால் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. கூட்டம் புரண்டு சிரிக்கும். எங்கள் தெருப் பெண்கள் ஒரு மாதம் அந்தக் காட்சியைப் பேசிப் பேசி நாற்று நட்டார்கள்.

வேதாரண்யம் சாலையில் அவர் வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போனோம். சேவலைக் கவிழ்த்தோம், விசிறியை நிறுத்தினோம். வேதையன் பட்டு ஜிப்பா போட்டு, பவுடர் பூசி, மீசையை ஒதுக்கி, ராஜா மாதிரி வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி தையல்நாயகி ஒரு தட்டில் மோர் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நடிப்பைப் பற்றிக் கேட்கக் கேட்க வேதையன் பொரிந்து தள்ளினார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு எப்படிக் குரலை எறிவது என்று செய்தே காட்டினார், கூடைக்குள் இருந்த சேவல் பதில் கொடுத்தது. சுடுகாட்டுக் காட்சி ஒன்றில் நிஜ நாய் ஒன்று மேடையேறிக் காலடியில் படுத்துக்கொள்ள, அதன் தலையைத் தடவியபடியே மிச்ச வசனத்தைப் பேசிக் கைதட்டல் வாங்கியதைச் சொன்னார். பாயின் தோள் சிரிப்பில் குலுங்கியதால் அந்த இடத்தில் படமே ஆடியிருக்கும்.

பிறகு என் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். வீராசாமி நாடகத்தில் அந்தக் கடிதக் காட்சி எப்படித் தோன்றியது?

"அதா, அது... தோணுச்சு" என்றார்.

எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். நான்கு, ஐந்து. ஆறில் சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது. அவரிடமிருந்து இல்லை, அடுப்படியிலிருந்து.

நான் பாயைப் பார்த்தேன். காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இன்னும் அழுத்திக்கொண்டு, போ போ என்று விரலை அசைத்தார். சரி, கடைசியில் கடிதம் தலைகீழாக இருப்பதைப் பார்த்து மாமியார் ஒன்று சொல்வாளே, அதைக் கொஞ்சம் பேசிக் காட்ட முடியுமா என்று வேதையனிடம் கேட்டேன். அவர் கம்பீரமாக நிமிர்ந்து, "அடியே, கடுதாசி தலைகீழா இருக்குடி" என்றார்.

அது அந்த வசனமே இல்லை.

அடுப்படியிலிருந்து, அரிவாள்மணையில் காய் நறுக்கும் சத்தத்தோடு, குரல் வந்தது: "அப்படி இல்லைங்க. 'அங்க எம் புள்ளைய தலைகீழா நிக்க வச்சுத்தான் வேலை வாங்குறானோ என்னமோ. கடுதாசி அப்படியே வந்திருக்கு.'"

அதுதான். மாமியாருக்கு எல்லாம் தெரியும், மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் சொல்வாள். அந்த இடத்தில்தான் சிரித்த கூட்டம் சட்டென்று அடங்கிப் பிறகு கைதட்டும். அடுத்த கணம் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. வீராசாமி துபாயில் இருக்கிறான். நாடகம் முழுக்கக் கதாநாயகன் மேடையில் இல்லாத ஒரே காட்சி அது. அந்த நேரத்தில் வேதையன் பின்னால் வேஷம் மாற்றிக்கொண்டிருப்பார். தான் எழுதிய காட்சியை அவர் கேட்டதே இல்லை என்றால், எழுதியது யார்?

வேதையன் முகத்தில் பவுடர் வழிந்தது. கேமராவை நிறுத்துங்க பாய் என்றார். பாய் நிறுத்தினார், கேசட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். வேதையன் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

தையல்நாயகி காபியோடு வந்தார். மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. நான் கேட்க வாயெடுப்பதற்குள், "என்னைக் கேக்காதம்மா. அவரு சொல்ல வேண்டியது அது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டம்ளர்களை வைத்தார். ஆனால் திரும்பிப் போகும்போது அவர் தோளும் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வேதையன் வந்து, கேசட்டைப் பிறகு தருவதாகச் சொல்லி, அதில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடும்படிக் கேட்டுக்கொண்டார். பாய் சரி என்றார். வேனில் ஏறியதும் நான் பாயோடு சண்டை பிடித்தேன். இருபத்திரண்டு நாடகத்தையும் அந்த அம்மா எழுதியிருக்கிறார்கள், ஊர் முழுக்க ஏமாந்திருக்கிறது, நம் காதாலேயே கேட்டிருக்கிறோம், சொல்லாமல் எப்படி விடுவது என்று கத்தினேன். பாய் வேனை வாய்க்கால் மதகு ஓரம் நிறுத்தினார்.

"ராணி, நீங்க சொல்றது நியாயந்தாங்க. ஆனா அவங்க வாயால வராத ஒண்ண நாம பறிச்சுப் போட மாட்டோம். அந்தம்மாவே சொல்லலை, நீங்க யாருங்க சொல்ல?"

இத்தனை 'ங்க'வுக்கு மேல் சண்டை நீளாது. ஆனால் மனம் ஆறவில்லை. அந்தக் காட்சியைப் பேசிப் பேசி நாற்று நட்ட பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. எழுதினவர் பெயரை அவளுக்குச் சொல்ல முடியாமல் போகிறதே என்று வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலை திருக்கடையூர். முகூர்த்த நாள். அங்கே அறுபதாம் கல்யாணம் ஒன்று இரண்டு அல்ல, பிரகாரம் முழுக்க வரிசையாக நடக்கும். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு ஹோமம், ஒரு ஐயர், ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், சுற்றிலும் பேரப்பிள்ளைகள். புகையில் யார் யாரென்று தெரியாது. ஒரு குடும்பத்துப் பெரியவரைத் தவறாக அடுத்த குடும்பத்து மணையில் உட்கார வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். அவரும் பாவம், சரிதான் போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார். பாய் வேட்டி கட்டிக்கொண்டு, இடுப்பில் பேட்டரி, தோளில் கேமரா, புகையில் கண்ணீர் வழிய ஓடிக்கொண்டிருந்தார். எல்லா மதத்துக் கல்யாணமும் எடுத்த கை அது, எந்த நேரத்தில் எது நடக்கும் என்று ஐயருக்கு முன்பே தெரியும். நான் மைக் பிடித்துக்கொண்டு பக்கத்தில்.

கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். வேதையனும் தையல்நாயகியும் நனைந்து, துணி மாற்றி, மாலையோடு வந்து நின்றார்கள். அடுத்த தூணில் ஒரு தம்பதி முறைக்குக் காத்திருந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். வேதையன் வாங்கிக்கொண்டு கழுத்துக்கு அருகே கொண்டுபோனார்.

தையல்நாயகி உள்ளங்கையை நீட்டி அவர் கையைத் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. அந்தப் பொண்ணு நேத்து ஒண்ணு கேட்டுச்சே. அதுக்குப் பதில் சொல்லிட்டுக் கட்டுங்க."

குரலில் கோபமே இல்லை. கடைக்குப் போகிறவரிடம் பையை எடுத்துப் போங்கள் என்று சொல்வதுபோல் சொன்னார். மேளம் நின்றது. ஐயர் நேரமாகிறது என்றார். மகன் என்னம்மா என்றான். தையல்நாயகி யாரையும் பார்க்கவில்லை, கணவரை மட்டும் பார்த்தார். வேதையன் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? என் கை மட்டும் தானாக மைக்கை நீட்டியது. மனதுக்குள் எண்ணினேன். பாய் கேமராவை இறக்கவில்லை, ஆனால் கேமராவில் வைக்காத கண்ணை மூடாமல் வேதையனையே பார்த்தபடி நின்றார், அவர் நிறுத்தச் சொல்வதற்கு இடம் கொடுத்து. வேதையன் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏழையும் தாண்டி எண்ணினேன். பன்னிரண்டில் பதில் வந்தது. மைக் தேவையே படவில்லை. கடைசி வரிசைக்கு எறிகிற அந்தக் குரல் பிரகாரம் முழுக்கப் போனது.

"இருபத்திரண்டு நாடகம். ஒரு வரி நான் எழுதலை. எல்லாம் எம் பொண்டாட்டி எழுதினது. மொத நோட்டீஸ் அடிக்கும்போது இவ பிரசவத்துக்குப் போயிருந்தா, எம் பேரைப் போட்டுட்டேன். அடுத்த நோட்டீஸ்ல மாத்துறேன்னேன். முப்பது வருஷமா அடுத்த நோட்டீஸ்னே சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கலசத் தண்ணீர் இல்லை, தலையை அப்போதுதான் துவட்டியிருந்தார்கள். தையல்நாயகி நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, கூந்தலை ஒதுக்கி, தலையைக் குனிந்தார். மேளம் கொட்டியது. தாலி ஏறியது. நான் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினேன், அந்தச் சத்தம் கேசட்டில் இடி மாதிரி விழுந்திருக்கிறது.

கதை இதோடு நிற்கவில்லை. அடுத்த தூணில் தாலியோடு தயாராக நின்ற பெரியவரைப் பார்த்து அவர் மனைவி, "நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். அந்த மனிதர் திருதிருவென்று விழித்து, உன் வத்தக்குழம்பு எனக்குப் பிடிக்காது, நாற்பது வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்த அம்மா, எனக்கும் பிடிக்காது, உங்களுக்காகத்தான் வைக்கிறேன் என்றார். அதற்கடுத்த தூணில், பெண் பார்க்க வந்த அன்று தான் ஓட்டிவந்த மோட்டார்சைக்கிள் தன்னுடையதே இல்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். பிரகாரம் முழுக்க இந்தத் தொற்று பரவிவிட்டது. தாலியைப் பிடித்துக்கொண்டு கிழவர்கள் வியர்க்க, மனைவிமார் இடுப்பில் கை வைத்துக் காத்திருக்க, பேரப்பிள்ளைகள் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு ஓடி ஓடிச் செய்தி சேகரித்தார்கள். ஐயர்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பாயின் கேமரா ஆடிய ஆட்டத்தில் அந்தப் பத்து நிமிடப் படத்தை இன்று பார்த்தாலும் எனக்குத் தலை சுற்றும்.

கிளம்பும்போது வேதையன் பாயைத் தேடி வந்தார். நேற்று வெட்டச் சொன்னதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள் என்றார். அந்தக் கேசட்டை மடித்த துண்டுக்குள் வைத்துக் கோயிலுக்கே எடுத்து வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டோம். எங்கள் தெருக்கோடி டீக்கடை டி.வி. முன்னால் அம்மாவை உட்கார வைத்திருந்தேன். சாயங்காலம் நான் போனதும் அம்மா, "அப்ப அந்த மாமியாவும் மருமவளும் பேசுனது பொம்பள எழுதுனதுதானா. நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். அப்படி அவள் எப்போதும் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு டெல்டாவில் எல்லாப் பெண்களும் அப்பவே நினைத்திருந்தார்கள். கேசட் போய்ச் சேர்ந்ததும் சார்ஜாவிலிருந்து வந்த போன்களுக்குப் பாயால் பதில் சொல்லி மாளவில்லை.

அடுத்த வாரம் தையல்நாயகியோடு தனியாகப் பேட்டி. நான்கு கேள்விதான் எழுதிப் போனேன், இரண்டுதான் கேட்டேன். மூன்று கேசட் தீர்ந்தது. மகனின் பழைய பள்ளி நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களில்தான் பாதி நாடகத்துக்கு மேல் எழுதினாராம். எடுத்துக் காட்டினார். பெருக்கல் வாய்ப்பாடு முடிகிற இடத்தில் ஒரு காட்சி தொடங்கும். கடிதக் காட்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அந்தத் தெருவில் ஆம்பிளைகள் சிங்கப்பூர், துபாய் என்று போய்விட்ட பிறகு, கடிதம் எழுதவும் படிக்கவும் எல்லாப் பெண்களும் தன்னிடம்தான் வருவார்கள் என்றார். பிறகு நிறுத்தினார். நான் எண்ணினேன்.

"சில பேரு அன்பா ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டாங்கம்மா. அரிசி வாங்கு, மாட்டைப் பாரு, அவ்வளவுதான் இருக்கும். அந்தப் பொண்ணு எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கும். இல்லாத வரியையும் சேத்துப் படிச்சிருக்கேன்."

பேர் போடாத கோபம் இவ்வளவு வருடம் உங்களுக்கு இருந்ததா என்று இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கோபம் இல்லாம இருபத்திரண்டு நாடகம் எழுத முடியுமா?" என்றார். ஹெட்போனோடு பாய் சிரித்த சிரிப்பில் ஈரத்துண்டு கீழே விழுந்தது.

அடுத்த பொங்கலுக்கு அவருடைய இருபத்துமூன்றாவது நாடகம் வந்தது. 'மைக்கு மல்லிகா'. மஞ்சள் நோட்டீஸில் 'கதை, வசனம்: தையல்நாயகி' என்று கொட்டை எழுத்து. உள்ளூர் டி.வி.க்காக ஊர் ஊராகப் போய் யாரையும் பேசவிடாமல் கேள்வி கேட்கும் ஒரு பெண்ணின் கதை. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காணும் பொங்கல் அன்று பிற்பகல், பள்ளிக்கூடத் திடலில் நாடகம். தையல்நாயகி என் கையைப் பிடித்து இழுத்துப் பெண்கள் பக்கம் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் பச்சைப் புடவை கட்டிய மல்லிகா ஒரு எருமையிடம் பன்னிரண்டு கேள்வி கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிப்பில் வயிறு வலித்தது.

முன்வரிசையில் வெற்றிலை போட்டபடி இருந்த ஒரு அம்மாள் திரும்பி, "யாரு எழுதுனது இது, இந்த வாய் பேசுது?" என்று எங்களைக் கேட்டார்.

தையல்நாயகி, "நாந்தான்" என்றார்.

"சும்மா இருங்க" என்று அந்த அம்மாள் திரும்பிக்கொண்டார்.

தையல்நாயகி குனிந்து அவர் காதில், மல்லிகா அடுத்துச் சொல்லப்போவதைச் சொன்னார். மேடையில் மல்லிகா அதையே சொன்னாள். அந்த அம்மாள் மெல்லத் திரும்பிப் பார்த்தார். தையல்நாயகி அடுத்த வரியையும் சொன்னார். அதுவும் வந்தது. அந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தார், அவள் அடுத்தவளை இடித்தாள். சிறிது நேரத்தில் மூன்று வரிசைப் பெண்கள் மேடைக்கு முதுகைக் காட்டி, தையல்நாயகியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் தணிந்த குரலில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, சிரிப்பு இந்தப் பக்கம் முதலில் வெடித்தது, ஆண்கள் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்கள்.

மேடையில் இப்போது வேதையனின் முறை. பஞ்சாயத்துத் தலைவர் வேஷம். மல்லிகா கேள்வி கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீசையை ஒதுக்கி, பெண்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். வசனம் வெளியே வருவதற்குள் பெண்கள் பக்கம் சிரித்து முடித்திருந்தது.